இஸ் ரூட் கீ சபீ லைனேன் வ்யஸ்த் ஹைன்

வடக்கே கொஞ்ச வருஷமாவது குப்பை கொட்டினவங்களுக்கு இந்தக் குரல் மறந்திருக்காது. ஊருக்கு எஸ்டிடி போட்டா ஒரு அம்மா நிதானமா, துளி வருத்தமும் இல்லாம சொல்லுவாங்க. "இஸ் ரூட் கீ சபீ லைனேன் வ்யஸ்த் ஹைன்." இந்தத் தடத்துல எல்லா லைனும் பிஸி, கொஞ்ச நேரம் கழிச்சு டயல் பண்ணுங்கன்னு அர்த்தம். எங்கம்மாவுக்கு இந்தியில வேற ஒரு வார்த்தை தெரியாது. இதை மட்டும் ராகம் மாறாம சொல்லிக் காட்டுவாங்க. குரல் தமிழ்ல வந்தா நம்ம ஊர்ப் பக்கமே நெரிசல், இந்தியில வந்தா கால் மும்பை வரைக்கும் போய் நிக்குதுன்னு அவங்களா ஒரு சூத்திரமும் கண்டுபிடிச்சு வச்சிருந்தாங்க.

2006 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை ராத்திரி, கும்பகோணத்துல போன் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிட்டு அந்தக் குரலை எத்தனை தடவை கேட்டாங்கன்னு அவங்களுக்கே கணக்கு இல்லை.

அப்போ நான் மும்பையில ஒரு செல்போன் கம்பெனியில நெட்வொர்க் பிளானிங்ல இருந்தேன் (பேர் எதுக்கு, விடுங்க). அந்தேரி கிழக்குல ஆபீஸ். எந்த டவர்ல எத்தனை பேர் பேச முடியணும்னு கணக்குப் போடறது என் வேலை. தங்கமணிக்கு ஃபோர்ட்டுல வேலை. சாயங்காலம் ஆறு மணி வாக்குல சர்ச்கேட்டுல போரிவலி ஃபாஸ்ட் பிடிச்சு வருவாங்க. லேடீஸ் பெட்டி, செகண்ட் கிளாஸ் பாஸ்.

நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சாயங்காலம் 6.24-க்கு ஆரம்பிச்சு 11 நிமிஷத்துல ஏழு குண்டு. எல்லாமே வெஸ்டர்ன் லைன்ல சர்ச்கேட்ல இருந்து வடக்கே போற வண்டிங்க, எல்லாமே முதல் வகுப்புப் பெட்டி. மாதுங்கா ரோடு, மாஹிம், பாந்த்ரா, கார், ஜோகேஸ்வரி, போரிவலி, மீரா ரோடுன்னு ஸ்டேஷன் பேரா டிவியில ஓடுது. 180 பேருக்கு மேல செத்துப் போனாங்க. ஆனா அந்த முதல் அரைமணி நேரத்துல இது எதுவும் யாருக்கும் முழுசாத் தெரியாது. எங்க ஆபீஸ்ல முதல்ல தெரிஞ்சது குண்டு இல்லைங்க. ஸ்கிரீன்.

நெட்வொர்க்கைக் கண்காணிக்கற ரூம் எங்க ஃப்ளோர்லயே இருந்துச்சு. டவர் ஒவ்வொண்ணும் ஒரு வரி. நெரிசல் வந்தா வரி சிவப்பாகும். அன்னிக்கு வெஸ்டர்ன் லைன் ஓரமா இருக்கற டவருங்க வரிசையா சிவப்பாச்சு. ஏதோ கேபிள் அறுந்திருக்கும்னுதான் முதல்ல நினைச்சோம். ஆனா கேபிள் அறுந்தா டிராஃபிக் சைபராகணும். இங்க எல்லாம் நூறுல நிக்குது. அதுக்குள்ள ஒருத்தர் டிவியைப் போட்டார்.

நான் தங்கமணி நம்பரை அடிச்சேன். போகலை. திரும்ப அடிச்சேன். போகலை.

கொஞ்சம் கணக்கு சொல்லணும், பொறுத்துக்கோங்க, இதுதான் இந்தக் கதைக்கு வில்லன். அந்தக் காலத்து ஜிஎஸ்எம்ல ஒரு கேரியருக்கு எட்டு 'டைம் ஸ்லாட்'. டவரோட ஒரு பக்கத்துக்கு நாலு கேரியர் வச்சா 32. அதுல மூணு கட்டுப்பாட்டுச் சமாச்சாரத்துக்குப் போயிடும். மிச்சம் 29. அதாவது அந்தப் பக்கத்துல ஒரே நேரத்துல 29 பேர் பேசலாம், முப்பதாவது ஆளுக்கு இடம் இல்லை.

29 வழியை நம்பி எத்தனை பேரை விடலாம்? இதுக்கு டென்மார்க்ல, கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில இருந்த எர்லாங்னு ஒரு கணக்குப் புலி 1917-லேயே சூத்திரம் கொடுத்துட்டார். நாங்க அதையேதான் வச்சு ஓட்டினோம். ரொம்ப நெரிசலான மணி நேரத்துல ஒரு ஆள் சராசரியா ஒண்ணரை நிமிஷம் பேசுவார், நூறு கால்ல ரெண்டு போகாட்டிப் பரவாயில்லைன்னு வச்சுக்கிட்டா 29 வழி சுமார் 840 பேருக்குப் போதும். 840 பேரும் ஒரே நேரத்துல பேச மாட்டாங்கங்கற நம்பிக்கைதான் மொத்த வியாபாரமும். டெலிபோன்னு ஒண்ணு வந்ததுல இருந்தே அப்படித்தான். எல்லாரும் ஒரே நேரத்துல பேசற மாதிரி கட்டினா பில் கட்ட நம்மளால முடியாது.

இப்போ மும்பை லோக்கலை நினைச்சுப் பாருங்க. ஆபீஸ் விடற நேரத்துல ஒன்பது பெட்டி வண்டியில நாலாயிரம், நாலாயிரத்து ஐந்நூறு பேர் ஏறுவாங்க. வண்டி ஓடிக்கிட்டே இருந்தா ஒரு டவர்ல இருந்து அடுத்த டவருக்கு நழுவிக்கிட்டே போயிடுவாங்க, தொந்தரவு இல்லை. அன்னிக்கு வண்டி எல்லாம் அங்கங்க தண்டவாளத்துலயே நின்னுடுச்சு. ஒரு வண்டி ஆளுங்க மொத்தமும் ஒரே டவருக்குக் கீழே. கையில செல் இருந்த அத்தனை பேரும் ஒரே நிமிஷத்துல வீட்டுக்கு அடிக்கறாங்க. அவங்க வீட்டு ஆளுங்க அத்தனை பேரும் அதே நிமிஷத்துல இவங்களுக்கு அடிக்கறாங்க. நூத்துக்கு ரெண்டுன்னு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் மேஜை டிராயர்ல இருந்துச்சு. மாஹிம் பக்கத்து செல்லும் அதுல இருந்துச்சு.

நான் 23 தடவை அடிச்சேன். எப்படித் தெரியும்னா, பிறகு கால் லிஸ்ட்டை எண்ணிப் பார்த்தேன்.

எங்க சீனியர் ஒரு மராத்திக்காரர், அதிகம் பேச மாட்டார். வந்து என் கையைப் பிடிச்சார். "போன் நீச்சே ரக்கோ." கீழே வை. அவர் பையனும் அந்த லைன்லதான் காலேஜ் போய் வர்றான்னு எனக்குத் தெரியும். அவர் செல்லு அவர் மேஜை மேலயே கிடந்துச்சு.

அவர் ஏன் சொன்னார்னு எனக்குப் புரியாம இல்லை. நான்தானே புது பசங்களுக்கு கிளாஸ் எடுப்பேன்! ஒவ்வொரு தடவை பச்சை பட்டனை அமுக்கும்போதும், பேசற வழி கிடைக்கறதுக்கு முன்னாடி, 'எனக்கு ஒரு வழி கொடு'ன்னு டவர்கிட்ட கேக்கறதுக்கே ஒரு சின்ன வழி வேணும். அந்தச் சின்ன வழியும் எண்ணி வச்சதுதான். கால் கிடைக்காத ஆள் உடனே திரும்ப அடிப்பார். அடிக்க அடிக்க அந்தச் சின்ன வழியும் அடைஞ்சுடும். நான் கூப்பிடற ஆள் இருக்கற இடத்துலயும் இதே கதை. என் கால் அங்க எட்டிப் பார்த்தாலே அவங்க செல்லு பதில் சொல்றதுக்கு ஒரு சின்ன வழியைப் பிடிக்கணும்.

எஸ்எம்எஸ் போறதும் அதே சின்ன வழியிலதாங்க. அதுக்குப் பேசற வழியே தேவையில்லை. 160 எழுத்து, ஒரு சில வினாடி வேலை. இடம் இல்லேன்னா திரும்பிப் போகாது. ஊர் நடுவுல ஒரு மெசேஜ் சென்டர்ல குந்திக்கிட்டு, வழி கிடைக்கற வரைக்கும் திரும்பத் திரும்ப முட்டிப் பார்க்கும். அன்னிக்கு கால் போகாத ஊர்ல எஸ்எம்எஸ் போச்சு. லேட்டா போச்சு, ஆனா போச்சு. கால் பண்ணிப் பண்ணி அதை இன்னும் லேட்டாக்கினது எங்களை மாதிரி ஆளுங்க.

தெரிஞ்சும் 23 தடவை.

எங்க ரூம்ல செஞ்சது ஒண்ணே ஒண்ணு, ஹாஃப் ரேட்டைத் திறந்து விட்டாங்க. ஒரு ஆளுக்கான ஸ்லாட்டுல ரெண்டு பேரை உக்கார வைக்கறது. குரல் தகர டப்பாவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும், ஆனா இடம் கிட்டத்தட்ட ரெட்டிப்பாகும். மும்பைக்காரங்களுக்கு ஒரே வார்த்தையில புரிய வைக்கலாம்: ஃபோர்த் சீட். மூணு பேர் சீட்டுல 'தோடா கிஸ்கோ'ன்னு நாலாவது ஆள் அரை இடுப்பை வச்சுக்குவாரே, அதே.

8.17-க்கு மெசேஜ் வந்துச்சு. இங்கிலீஷ் எழுத்துல தமிழ். "நான் நல்லா இருக்கேன். தாதர் பக்கம். நடந்து வர்றேன். அத்தைக்கு சொல்லுங்க." சென்டருக்கு வந்து சேர்ந்த நேரம்னு அதுல 7.04 போட்டிருந்துச்சு. ஒரு மணி நேரம் பதிமூணு நிமிஷம் அந்த வரி எங்கயோ நின்னுக்கிட்டிருந்திருக்கு. நான் பாத்ரூமுக்குப் போய் கதவைச் சாத்திக்கிட்டேன். அதுக்கு மேல அதைப் பத்தி எழுதறதுக்கு இல்லை.

(சீனியர் பையனும் பத்தரை மணிக்கு வீடு போய்ச் சேர்ந்துட்டான். அவர் அப்பவும் ஒண்ணும் பேசலை, டீ மட்டும் சொன்னார்.)

தங்கமணி வந்த வண்டிக்கு ஒண்ணும் ஆகலை. முன்னாடி போன வண்டியில வெடிச்சதால இது தாதர் தாண்டி நின்னுடுச்சு. பொம்பளைங்க எல்லாம் புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டுத் தண்டவாளத்துல குதிச்சு நடந்திருக்காங்க. ரோட்டோரத்துக் குடிசைக்காரங்க தண்ணி கொடுத்தாங்களாம், பிஸ்கட் கொடுத்தாங்களாம், பெட்ஷீட்ல அடிபட்டவங்களைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்களாம். முன்பின் தெரியாத ஒருத்தர் கார்ல நாலு பேரை ஏத்திக்கிட்டு ஹைவே வழியா கொண்டு வந்து விட்டார். வீடு வந்தப்போ ராத்திரி ஒரு மணி. மறுநாள் காலையில ரயில் ஓடுச்சு. இதைத்தான் பேப்பர்ல எல்லாம் மும்பையோட உறுதி, ஸ்பிரிட்னு எழுதினாங்க. வேற வழி இல்லாம ஆபீஸ் போறதுக்கு இவ்வளவு நல்ல பேரு!

இப்போ அம்மா கதைக்கு வர்றேன். எஸ்எம்எஸ் வந்ததும் கும்பகோணத்து லேண்ட்லைனுக்கு அடிக்கறேன், போகலை. அங்க எஸ்எம்எஸ் வாங்க செல்லும் கிடையாது. அம்மாவும் எனக்கு அடிச்சுக்கிட்டே இருக்காங்க. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அடிச்சு ரெண்டு பேருக்கும் கிடைக்கலை. கடைசியில ஆபீஸ் லேண்ட்லைன்ல இருந்து திருச்சி சித்தப்பாவுக்குக் கிடைச்சுது, ராத்திரி ஒன்பது தாண்டி. சித்தப்பா அங்கிருந்து கும்பகோணத்துக்குப் போட்டார். ஒரே அடியில போச்சு. போகாம என்ன, நெரிசல் மும்பைக்கு வர்ற தடத்துலதானே, திருச்சிக்கும் கும்பகோணத்துக்கும் நடுவுல காலி ரோடு.

சித்தப்பா ரயில்வேயில இருந்து ரிட்டயர் ஆனவர். கண்ட்ரோல் ஆபீஸ்ல போனும் கையுமா வாழ்ந்த மனுஷன். அவருக்கு இது உடனே பிடிச்சுப் போச்சு. அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ, குடும்பம் மொத்தத்தையும் கூடத்துல உக்கார வச்சு சட்டம் போட்டுட்டார். எந்த ஊர்ல எந்தக் கலவரம், வெள்ளம், குண்டு எதுவா இருந்தாலும், அங்க மாட்டிக்கிட்டவங்க ஒரே ஒரு சேதி திருச்சிக்கு அனுப்பணும். மத்தவங்க யாரும் மாட்டிக்கிட்டவங்களைக் கூப்பிடக் கூடாது. திருச்சியைக் கூப்பிட்டுக் கேட்டுக்கணும். எஸ்எம்எஸ் வாங்கறதுக்குன்னே ஒரு செல் வாங்கினார். லேண்ட்லைன் ஏற்கெனவே இருக்கு. "இனிமே நான்தாண்டா எக்ஸ்சேஞ்ச்"னார்.

நான் அதுக்கு அறிவியல் விளக்கமெல்லாம் கொடுத்தேன். பெரிய டெலிபோன் நெட்வொர்க்குல கூட இதையேதான் செய்வாங்க. ஒரு ஊர்ல விபரீதம்னா, வெளியில இருந்து அந்த ஊருக்கு வர்ற காலையெல்லாம் கிளம்பற இடத்துலயே மட்டுப்படுத்துவாங்க. உள்ளே இருக்கறவங்க வெளியே பேசறதுக்கு வழி விடறதுக்காக. விழுந்தவன் கத்தறதுக்கு முதல்ல வழி விடணும், மேல நின்னு எட்டிப் பாக்கறவன் அப்புறம் கேக்கலாம்னு சொன்னேன்.

எல்லாரும் தலையாட்டினாங்க. அம்மா மட்டும் கேட்டாங்க, "அப்போ என்னைக் கூப்பிடாதேங்கறியா?"

அப்படி இல்லம்மான்னு இழுத்தேன். அப்படித்தான்.

"உனக்கு ஒண்ணு ஆயிருக்குமோன்னு இருக்கும்போது நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். அதான?"

இதுக்கு எர்லாங்கிட்ட பதில் இல்லைங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு அந்தச் சட்டத்துக்குப் பரீட்சை வந்துச்சு. 2008 நவம்பர் 26, புதன்கிழமை ராத்திரி. சிஎஸ்டி, தாஜ், ஓபராய்னு டிவியில வர ஆரம்பிச்சப்போ நாங்க போரிவலி வீட்ல சாப்பிட்டு முடிச்சு பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். தங்கமணி அப்பவும் ஃபோர்ட் ஆபீஸ்தான், ஆனா ஏழரைக்கே வந்தாச்சு. உடனே திருச்சிக்கு ஒரு எஸ்எம்எஸ், "ரெண்டு பேரும் வீட்ல." அஞ்சு நிமிஷத்துல சித்தப்பாகிட்ட இருந்து பதில், "ரிசீவ்ட்." அவ்வளவுதான். ரயில்வேகாரர்! அன்னிக்கு ராத்திரி ஊர்ல இருந்து எங்களுக்கு ஒரு கால் வரலை. பக்கத்து ஃப்ளாட்ல விருதுநகர்க்காரர் வீட்ல செல்லு, லேண்ட்லைன் ரெண்டும் விடாம அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எனக்குக் கொஞ்சம் பெருமையாவே இருந்துச்சுன்னு சொல்லிக்கறேன்.

காலையில ஆறு மணிக்கு அம்மா கூப்பிட்டாங்க. குரல் கட்டியிருந்துச்சு. தூங்கினீங்களாம்மான்னா, "சித்தப்பா பத்தே முக்காலுக்கே சொல்லிட்டார். நல்லா இருக்கீங்கன்னு தெரியும்"னாங்க. கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "தெரியறதும் கேக்கறதும் ஒண்ணா?"

பிறகு சித்திகிட்ட கேட்டப்போ தெரிஞ்சது, அம்மா ராத்திரி முழுக்க திருச்சிக்கு அரைமணிக்கு ஒரு தடவை அடிச்சு, புதுசா ஏதாவது சேதி வந்துச்சான்னு கேட்டிருக்காங்க. சித்தப்பாவும் ஒவ்வொரு தடவையும் செல்லை எடுத்து அதே மூணு வார்த்தையைப் படிச்சுக் காட்டியிருக்கார். ரெண்டு பேரும் தூங்கலை.

அடுத்த பரீட்சை எனக்கு. 2015 டிசம்பர்.

அதுக்குள்ள நிறைய மாறிப் போச்சு. சித்தப்பா 2013-ல தவறிட்டார். அப்பாவும் இல்லை. அம்மாவைத் தம்பி முடிச்சூருக்கு அழைச்சுக்கிட்டுப் போயிட்டான். 'செல்லு இருக்கே, எதுக்கு அது'ன்னு அந்த வீட்ல லேண்ட்லைனே போடலை. குடும்பத்துக்கு வாட்ஸ்அப் குரூப் வந்தாச்சு. திருச்சி சட்டத்தை எல்லாரும் மறந்தாச்சு, நான் உள்பட.

டிசம்பர் 1 ராத்திரி பேய் மழை, அடையாறுல வெள்ளம், முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் தண்ணியில. தம்பி ஆபீஸ் வேலையா ஐதராபாத்ல. வீட்ல அம்மா, தம்பி பொண்டாட்டி, ரெண்டு குழந்தைங்க. தரைத்தளம். 1-ம் தேதி ராத்திரி ஒன்பதரைக்கு "தண்ணி கேட்டு வரைக்கும் வந்திருக்கு"ன்னு குரூப்ல ஒரு மெசேஜ். அதோட சரி.

இது 2006 மாதிரி இல்லை. அன்னிக்கு டவர் உயிரோட இருந்துச்சு, ஆளுங்கதான் அதிகம். இங்க டவரே செத்துப் போச்சு. மும்பையில 2005 ஜூலை 26-ல சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் கொட்டினப்போ இதே நிலைமையைப் பார்த்தவன் நான். கரண்ட் போனா டவர் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், அப்புறம் டீசல் வேணும், டீசல் கொண்டு போக ரோடு வேணும், ரோட்ல படகு ஓடுது. பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்ச்ல இருக்கற 48 வோல்ட் பேட்டரியில இருந்தே கரண்ட் வரும், வீட்ல கரண்ட் இல்லேன்னாலும் பேசலாம். அதைத்தான் நாங்க வேணாம்னுட்டோமே.

எல்லாம் தெரியும் எனக்கு. அம்மா செல்லுல சார்ஜ் போயிருக்கும், டவர் இருக்காது, அடிச்சுப் பிரயோஜனம் இல்லை, உள்ளே இருக்கறவங்கதான் கூப்பிடணும், நான் காத்திருக்கணும். பிளானிங்ல எத்தனை வருஷம்! காத்திருந்தேனா? முதல் நாள் மட்டும் அறுபது தடவைக்கு மேல. அம்மா நம்பர், தம்பி பொண்டாட்டி நம்பர், மாடி வீட்டு நம்பர், மறுபடி அம்மா நம்பர். 'ஸ்விட்ச் ஆஃப்'னு வர்றதைக் கேக்கறதுக்காகவே அடிச்சேன். அதையாவது ஒரு குரல் சொல்லுதே. வாட்ஸ்அப்புல "அம்மா"ன்னு ஒரே ஒரு வார்த்தை அனுப்பினேன். ஒத்தை டிக். ரெண்டு நாளும் ஒத்தை டிக். ராத்திரி எழுந்து எழுந்து அந்த ஒத்தை டிக்கைப் பார்த்துக்கிட்டிருந்தேன். தங்கமணி எழுந்து வந்தாங்க. எதுவும் சொல்லாம பக்கத்துல உக்காந்தாங்க. கொஞ்சம் கழிச்சு, "அன்னிக்கு அத்தைக்கு இப்படித்தாங்க இருந்திருக்கும்"னாங்க.

4-ம் தேதி மத்தியானம் செல் அடிச்சுது. திருச்சி லேண்ட்லைன் நம்பர். சித்தி.

"தம்பி, அம்மா நல்லா இருக்காங்கப்பா. குழந்தைங்களும். மாடி வீட்ல இருக்காங்களாம். பால் பவுடர் கிடைச்சிருச்சாம்."

உங்களுக்கு எப்படித் தெரியும் சித்தி?

"யாரோ ஒரு பையன் போன் பண்ணினான்பா."

பிறகு விசாரிச்சதுல தெரிஞ்சது இதுதான். அந்தத் தெருவுல காலேஜ் பசங்க நாலைஞ்சு பேர் இடுப்பளவு தண்ணியில வீடு வீடாப் போய், ஒரு நோட்டுல 'யாருக்கு என்ன சொல்லணும்'னு எழுதி வாங்கியிருக்காங்க. ஒரு வீட்டுக்கு ஒரே நம்பர், ஒரே வரி. அதை பிளாஸ்டிக் கவர்ல போட்டுக்கிட்டு ஜிஎஸ்டி ரோடு பக்கம் நடந்து போய், சிக்னல் கிடைச்ச இடத்துல நின்னு ஒவ்வொரு நம்பரா கூப்பிட்டுச் சொல்லியிருக்கான் அந்தப் பையன். மெசேஜ் சென்டர் பண்ற வேலைதாங்க. பெயர் கூட யாருக்கும் கேக்கத் தோணலை. சித்தி மட்டும், "சாப்பிட்டியாப்பா?"ன்னு கேட்டிருக்காங்க. "இன்னும் நாற்பது நம்பர் இருக்கு ஆன்ட்டி"ன்னு வச்சுட்டானாம்.

ஒரே நம்பர்தான்னு அவன் சொன்னப்போ அம்மா என் நம்பரைக் கொடுக்கலை, தம்பி நம்பரையும் கொடுக்கலை. எங்க நம்பரெல்லாம் செல்லுக்குள்ள இருந்துச்சு, செல்லு அணைஞ்சு போச்சு. மனசுல இருந்தது திருச்சி நம்பர் ஒண்ணுதான். சித்தப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சேன்னு அவங்களுக்குத் தோணவே இல்லையாம்.

இப்பல்லாம் நான் அந்தத் தொழில்ல இல்லை. கால் எல்லாம் 4ஜி, 5ஜியில டேட்டாவா போகுது, 29 வழிக் கணக்கு பழங்கதை. கூட்டம் சேர்ந்தா திணறுறது மட்டும் போகலை, கோயில் திருவிழாவுல செல்லை எடுத்துப் பார்த்திருப்பீங்க. 2023-ல ஒரு நாள் எல்லார் செல்லும் ஒரே நேரத்துல 'ப்பீம்'னு அலறி ஒரு சோதனை எச்சரிக்கை காட்டுச்சே, அது நல்ல ஏற்பாடு. ஆளுக்கு ஒரு வழி கேக்காம, கோயில் ஸ்பீக்கர் மாதிரி டவர் ஒரே தடவை சொல்லும், கீழே இருக்கற அத்தனை பேருக்கும் கேக்கும். அரசாங்கம் நமக்குச் சொல்றதுக்குச் சரி. நாம அம்மாவுக்குச் சொல்றதுக்கு இன்னும் அந்த ஏற்பாடு வரலை.

அம்மாவை அப்புறம் மும்பைக்கே அழைச்சுக்கிட்டு வந்துட்டேன். இந்தி இப்பவும் அந்த ஒரு வாக்கியம்தான், பேரனுக்கும் சொல்லிக் கொடுத்திருக்காங்க. போன வருஷம் திருச்சி போயிருந்தப்போ சித்தி வீட்டு ஹால்ல அந்த போன் அதே இடத்துல, மேல சின்ன துண்டு போட்டு மூடி இருந்துச்சு. மாசத்துக்கு ரெண்டு கால் கூட வர்றதில்லைன்னு சித்தி பையன் முணுமுணுக்கறான். வெட்டியா வாடகை கட்டறோம், சரண்டர் பண்ணிடலாம்கறான்.

"அது உன் அப்பா நம்பர்டா"ன்னாங்க சித்தி. அப்புறம் என்னைப் பார்த்து, "பெரியக்காவுக்கு வேற நம்பர் தெரியாதுல்ல?"

நான் அந்த வருஷத்து வாடகையை முன்கூட்டியே கட்டிட்டு வந்தேன்.